பச்சைப் பெயிண்ட் அடித்த அம்மன்

1961-ம் வருஷம், கோடை விடுமுறை. அப்போது நாங்கள் தென்காசியில் குடியிருந்தோம். குற்றாலம் போகிற வழியில், சிற்றாற்றங்கரையில் பெரிய மருதமரம் ஒன்று நின்றது. ஒரு மரக்கடைக்காரர் அதை ஏலத்தில் எடுத்து வெட்டி, வண்டி வண்டியாக ஏற்றிப் போனார். பிடுங்க முடியாத வேர்க்கட்டை மட்டும் மிச்சம்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சிலை செய்வதென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். லீவு முழுக்க அந்த வேரோடுதான் கிடந்தார். அதைச் செதுக்கி, ஆற்றுக் களிமண் பூசி, ஒரு பெண் ஆற்றைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி செய்தார். ஆணி, வர்ணம் எதுவும் கிடையாது.

"வெயில்ல கெடந்து கருகுதியளே, இத எங்க கொண்டு வைக்கப் போறிய?" என்று சத்தம் போட்டேன்.

"எங்கனயும் வைக்கல. சாரல் வந்து வெள்ளம் ஏறுனா கொஞ்சங் கொஞ்சமா கரைச்சிக் கொண்டு போயிரும். ஆத்து மரம், ஆத்துக்கே போகட்டும்" என்றார். அதை நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை.

சாரலுக்கு முன்னால் மஞ்சள் துணி வந்துவிட்டது. யாரோ அந்தச் சிலையின் இடுப்பில் கட்டிவிட்டார்கள். அப்புறம் குங்குமம், வேப்பிலை, எலுமிச்சம்பழ மாலை. மரத்தை வெட்டிய அதே ஆள் ஆற்றுப் பக்கம் கல்சுவர் எழுப்பி, மேலே தகரக் கொட்டகை போட்டு, களிமண்ணைச் சுரண்டிவிட்டுப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார். உண்டியல் வேறு!

கேள்விப்பட்டு ஓடினோம். இவர் பெயிண்டைத் துடைக்கக் கையை நீட்டினார்.

"ஏன் வாத்தியாரே, சாமி மேலயா கை வைக்கீரு? வெளிய நில்லும்!" என்று மரக்கடைக்காரர் அதட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, நீங்க வெட்டிப்போட்ட மரத்தோட வேருதான இது?"

"அப்பம் அது மரம். இப்பம் அம்மன்" என்றார், கொஞ்சமும் கூசாமல். சுற்றி நின்ற சனமும் அவர் பக்கம்தான்.

ஆனியில் சாரல் பிடித்தது. வெள்ளம் கல்சுவர் வரைக்கும் வந்தது, முட்டியது, வடிந்து போனது. இவர் குடைகூட இல்லாமல் எதிர்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து உளியைப் பரணில் போட்டவர், கண்ணை மூடுகிற வரைக்கும் அதை எடுக்கவில்லை.

இன்றைக்கும் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குக் கை எழும்புவதில்லை, வயிறுதான் எரிகிறது. அது மரமாக நின்று நிழல் கொடுத்த காலத்தில் இவர்களில் ஒருத்தராவது ஒரு கும்பிடு போட்டிருந்தால், என் வீட்டுக்காரருக்கு அந்த வேரில் உளி வைக்கிற வேலையே வந்திருக்காது.