கையில் வைத்திருந்த கம்பி

மைக்ரான் அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. எஃகுத் தொழிற்சாலையின் சோதனை அறையில் பதினெட்டு வருஷமாகக் கண்ணுக்குத் தெரியாத அளவுகளோடு மல்லுக்கட்டுகிறவள். சுவரில் படம் மாட்டினால்கூட, எத்தனை மைக்ரான் சாய்வு என்று மகள் கேலி செய்வாள்.

கம்பியை இழுத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. அளவாக இழுத்தால் கம்பி கொஞ்சம் நீளும், கொஞ்சம் மெலியும். மெலிவது நீள்வதை முழுக்க ஈடுகட்டாது. உள்ளே அடுக்கடுக்காக நிற்கும் அணுக்கள் சற்றே விலகுவதால் மொத்தக் கனஅளவு துளியூண்டு கூடும். பிடியை விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். ஆகாத கம்பி தேறாது.

அன்றைக்கு வந்தது அவள் கணவர் வேலை பார்க்கும் உலையின் கம்பி. அவர் சரக்கு ஏற்கெனவே இரண்டு முறை தேறவில்லை. புருஷன் என்றெல்லாம் பார்க்காமல் திருப்பி அனுப்பியவளே இவள்தான். இதுவும் போனால் அவரை உலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டுவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். மனிதர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்று மழுப்பினார்.

கம்பியைப் பூட்டி இழுத்தாள். கூட வேண்டிய கனஅளவு குறைந்தது. விட்டதும் கம்பி முன்பைவிடக் குட்டையாக நின்றது. இழுத்த கம்பி எங்கேயாவது சுருங்குமா?

பிறகுதான் உறைத்தது. இயந்திரம் தயாராகும்வரை அரைமணி நேரம் கம்பியை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சூட்டோடு பூட்டிவிட்டாள். அது குளிரக் குளிரச் சுருங்கியதைத்தான் கருவி காட்டியிருக்கிறது. பதினெட்டு வருஷத்தில் செய்யாத தப்பு.

தொடாமல் ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி இழுத்தாள். கனஅளவு கூட வேண்டியது கூடியது. விட்டதும் கருவியின் முள் பூஜ்யத்துக்கே திரும்பியது. தேறிவிட்டது. முதல் அளவைக் குறித்த தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. கம்பி சோதிப்பவரின் கையில் அரைமணி நேரம் இருந்ததால் முதல் அளவு செல்லாது என்று அறிக்கையிலேயே எழுதிவிட்டாள்.

சாயங்காலம் கணவர் அறிக்கையோடு சோதனை அறை வாசலில் வந்து நின்றார். தேறிய சந்தோஷத்தைவிட அந்த ஒரு வரிதான் அவரைப் பிடித்து வைத்திருந்தது.

"அரைமணி நேரமும் கையிலயே வச்சிருந்தியா?"

"பயமா இருந்துச்சு."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ரெண்டு தடவ திருப்பி அனுப்பினப்போ, உனக்கு என்மேல அக்கறையே இல்லையோன்னு நெனச்சேன்."

"அப்பவும் இதே பயந்தான்," என்றாள். "கம்பியத் தொடாம கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."