புலியா, பண்ணையாரா?

நெருக்கடி நிலை விலகிய மறுவருடம், ஆடிக் கடைசிச் செவ்வாய். தென்காசிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கொடை என்னும் கோயில் திருவிழா, மத்தியானப் பூசை நேரம். வழக்கமாக வில்லுப்பாட்டுப் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் என் நண்பரை அழைத்திருந்தார்கள். கட்சி மேடைகளில் பாடிச் சிறைக்கும் போய்வந்தவர், சாமி கும்பிடாதவர். ஓய்ந்த நேரத்தில் ஊர் ஊராகப் பழங்கதை விசாரித்து ஆராய்கிறவர்.

அந்தக் கோயில் சாமி, ஒரு காலத்தில் குளத்துக்குக் காவலிருந்து செத்தவர். புலி அடித்ததாகப் பாடுவது வழக்கம். கடைமடை வயலுக்கு மதகைத் திறந்ததற்காகப் பண்ணையார் ஆட்கள் வெட்டினார்கள் என்பது நண்பரின் முடிவு. வாய்ச்சொல்லைத் தவிர அதற்குச் சான்று கிடையாது.

"இன்னைக்குப் பாடிருவேன்வே" என்றார். கொடை நடத்துவதே அந்தப் பண்ணையார் வம்சம்தான்.

பாடியேவிட்டார். சாவுக் கட்டத்தில் சாமியாடிக்கு அருள் வரவேண்டும். வந்தால்தான் கொடை நிறைவு. உடுக்கு முழங்கியும் அவர் கல்லாக நின்றார்.

"புலியப் பாடும் அண்ணாச்சி! சாமி வரமாட்டேங்குதுல்லா!"

"கட்சிக்காரனக் கூட்டியாந்தா எப்பிடிவே வரும்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கல்லெடுக்கக் குனிந்தவர்களையும் பார்த்தேன். நண்பர் வில்லில் அடிக்கும் வீசுகோலை ஓங்கி அதே அடியை மறுபடி பாடினார்.

பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்ற கூலிக்காரப் பெண்ணொருத்தி திடீரென்று முடி அவிழ ஆடத் தொடங்கினாள். "இப்பத்தாம்லே உண்மையச் சொல்லுத! நிறுத்தாதலே!"

இப்போதைய பண்ணையாரின் மகனே துண்டை இடுப்பில் கட்டி அவள் காலில் விழுந்தார். நண்பர் பாடி முடித்தார். அவள் கொடுத்த திருநீற்றை உள்ளங்கையில் வாங்கியவர், பூசவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் நின்றார்.

மறுநாள் குற்றாலத்தில் குளித்துக் கரையேறும்போது கேட்டேன்: "அண்ணாச்சி, நேத்து வந்தது சாமியா?"

தலை துவட்டுவதை நிறுத்தினார். "சாமின்னா, சாமியே இல்லன்னு சொல்லுத நான் பொய்யன். நடிப்புன்னா அவ பொய்க்காரி. ரெண்டுக்கும் மனசு வரலயேவே. நீரு என்ன சொல்லுதீரு?"

அதன்பிறகு அந்தக் கோயிலில் யாரும் புலியைப் பாடியதில்லை. நாள், கிழமை தவறாமல் பழசைக் குறித்துவைக்கும் நான், இதற்கு ஆதாரம் என்ன என்று யாரையாவது கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணை நினைத்து ஒரு கணம் தயங்கிவிடுகிறேன்.