வலது தோளுக்கு அரை அங்குலம் கூட

நான் தையல்காரன். போலீஸ் மைதானத்தின் மதிலை ஒட்டி என் கடை. இந்த ஊர்க் காவலர்களில் பாதிப் பேருடைய இடுப்பளவு எனக்கு மனப்பாடம். அதை வெளியே சொன்னால் துறையின் மானம் கப்பலேறிவிடும், சொல்ல மாட்டேன். ஆனால் என் மனைவியின் கதையைச் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது. இருபத்தோரு வருடமாக அவளுக்குச் சட்டை தைப்பவன் நான்தான்.

துறையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பிரேக்கு'. பிரேக் இல்லாததால் வந்த பெயர். பயிற்சிக் காலத்தில் ஒரு காலை, முப்பத்திரண்டு பெண்களை அணிநடையாக நடத்திப் போகச் சொல்லியிருக்கிறார்கள். 'நட' என்றாள், நடந்தார்கள். நிறுத்த வேண்டிய இடம் வந்தபோது இவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கட்டளை காதில் விழாமல் அணி நிற்கக் கூடாது, அது அங்கே எழுதாத சட்டம். எதிரே சுவர் வந்தால்கூடச் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குச் சுவர் வரவில்லை, திறந்த வாசல்தான் வந்தது. முப்பத்திரண்டு பேரும் வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிரே இருந்த ரொட்டிக்கடைக்குள் போய்விட்டார்கள். முதல் வரிசை கல்லாமேசையில் இடித்து, அங்கேயே இடது வலது போட்டுக்கொண்டிருந்ததாம். கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கி, "சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலைங்க!" என்று அலறியிருக்கிறார்.

இதெல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். வீட்டில் அவள் குரலுக்குக் குறைச்சலே இல்லை. மகள் பல் தேய்க்காத விஷயம் அடுத்த தெருவுக்கும் தெரியும். சீருடையை மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நின்று கட்டளை என்று வந்துவிட்டால் மட்டும் பூனைக்குட்டி.

மேலதிகாரிகளும் யோசித்துப் பார்த்து, குரல் தேவைப்படாத இடமாக நாற்சந்தியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பதினான்கு வருடம். அங்கே அவள் ராணி. உள்ளங்கையைக் காட்டினால் மணல் லாரிகூடப் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். கையைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது தோள் இடதைவிட அரை அங்குலம் பெருத்துப் போனது. என் அளவுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு எதிரே 'வ.தோள் அரை கூட' என்று நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறேன். வேறு எந்தக் காவலருக்கும் அப்படி ஒரு குறிப்பு கிடையாது. வயிற்றுக்கு உண்டு.

அப்புறம் ஏட்டாக்கி, பதினோரு பெண் காவலர்களை அவள் பொறுப்பில் விட்டார்கள். முதல் மாதம் ஒருத்தியும் இவளைச் சட்டை செய்யவில்லை. முதுகுக்குப் பின்னால் 'பிரேக்கு, பிரேக்கு' என்று சிரிப்பு. இவள் வீட்டுக்கு வந்து பாத்திரத்தை 'ணங்'கென்று வைப்பாள்.

ஒருநாள் ஊர்வலப் பாதுகாப்பில் ஆறு மணி நேரம் வெயிலில் நின்ற ஒருத்தி பொத்தென்று விழுந்தாள். நல்ல உயரம், அதனால் நெட்டை என்று கூப்பிடுவார்கள். இவள் ஓடிப்போய் அவளுடைய பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் காலுறையெல்லாம் ரத்தம். ஒரு அளவு சின்ன பூட்ஸை மூன்று மாதமாகச் சொல்லாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என் மனைவி தன் பூட்ஸை அவளுக்கு மாட்டிவிட்டு, மீதி நேரம் முழுக்கத் தான் வெறுங்காலோடு நெட்டையின் இடத்தில் நின்றாள்.

மறுநாளிலிருந்து காலை ஆய்வில், "பாலிஷ் கிடக்கட்டும். கழட்டு, காலைக் காட்டு" என்று ஆரம்பித்துவிட்டாள். மற்ற நிலையத்துக்காரர்கள் 'கால் டாக்டர்' என்று கிண்டல் செய்தார்கள். காலர் இறுக்கமாக இருப்பவர்களை என் கடைக்கு அனுப்பினாள். "அம்மா அனுப்பினாங்கண்ணே, கழுத்தைக் கொஞ்சம் லூஸ் பண்ணணுமாம்" என்று வரிசையில் நிற்பார்கள். எப்போது ஏட்டு போய் அம்மா வந்தது என்று நான் கவனிக்கவில்லை. 'பிரேக்கு' என்று வெளியாள் யாராவது சொன்னால் பதினோரு பேரும் சண்டைக்குப் போனார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு வந்தது. எழுத்தில் இரண்டு முறையும் முதலிடம். அணி நடத்தும் சோதனையில் இரண்டு முறையும் பூனைக்குட்டி. மூன்றாவதுதான் கடைசி, அதற்குமேல் வயது இடம் கொடுக்காது. இதிலும் கோட்டைவிட்டால் ஓய்வு பெறும்வரை ஏட்டுதான்.

வீட்டுக் கூடத்தில் பயிற்சி தொடங்கியது. அணி என்றால் நானும் மகளும். இவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கட்டளையிட வேண்டும்.

"அப்பா, தப்புக் கால் போடறீங்க!"

"நீ நேரா பாருடி. அம்மா எப்ப நிறுத்தச் சொல்லுவான்னு பாரு."

அவள் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். விதி என்றால் விதி, நான் பீரோவில் முட்டிக்கொண்டு கால் மாற்றிக்கொண்டே இருந்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "யானை எதுவும் வளக்கிறீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். எட்டாம் நாள் குரல் வந்தது பாருங்கள், "அணீ... நில்!" பீரோக் கண்ணாடி அதிர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கீழ்வீட்டுக்காரர் இந்தமுறை மேலே வரவில்லை, பயந்திருப்பார்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். சோதனைக்குப் புதுச் சட்டை தைத்தேன். இரண்டு தோளும் சமமாக எடுப்பாக இருக்கட்டும் என்று அந்த அரை அங்குலத்தை விட்டுவிட்டேன். அழகுக்காகத்தான். தையல்காரனுக்கு அழகு கண்ணை மறைக்கும்.

சோதனைக்கு முதல் நாள் ஒரு செருப்புக்கடைத் திறப்பு விழா. நடிகர் வருவதாகச் சொல்லி வராமல் போனதில் கூட்டம் கதவை நோக்கி நெரிந்தது. இவளும் பதினோரு பேரும் கைகோத்துச் சங்கிலியாக நின்று, பொழுது சாயும்வரை கத்திக் கத்திக் கூட்டத்தைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபோது தொண்டையில் காற்றுதான் வந்தது.

எனக்கு வந்ததே கோபம். "இருபது வருஷமா வராத குரல் இப்பத்தான் வந்துச்சு. ஒரே ஒரு நாள் பத்திரமா வச்சுக்கத் தெரியலையா உனக்கு?"

அவள் மகளின் நோட்டைப் பிடுங்கி எழுதிக் காட்டினாள்: 'கண்ணாடிக் கதவு. முன்னாடி பூரா குழந்தைங்க.'

வெந்நீர் போடுவதைத் தவிர நான் என்ன செய்வது?

மறுநாள் என் கடை முக்காலியை மதிலோரம் போட்டு ஏறி நின்றேன். பக்கத்தில் கவிழ்த்த வாளியின்மேல் மகள். உள்ளே மேசை போட்டு மூன்று அதிகாரிகள், மேசையில் தேநீர், மதிப்பெண் தாள். மேசைக்குப் பத்தடி முன்னால் சுண்ணாம்புக் கோடு. அணி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். பல நிலையங்களிலிருந்து முப்பத்திரண்டு பேர், முதல் வரிசையில் நெட்டை.

கரகரவென்று ஏதோ ஒரு சத்தம் வந்தது, அணி கிளம்பிவிட்டது. திரும்பச் சொன்னாள், பாதிச் சத்தம்தான், திரும்பினார்கள். இப்போது நேராக மேசையை நோக்கி வருகிறார்கள். கோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது இவள் வாயைத் திறந்தாள். ஒன்றுமே வரவில்லை. மறுபடி திறந்தாள். வெறும் காற்று.

"அப்பா, ரொட்டிக்கடை..." என்றாள் மகள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நெட்டை கண்ணை உருட்டி இவளையே பார்த்தபடி வருகிறாள், தானாக நிற்க முடியாது, நின்றால் அதுவும் அம்மாவின் மதிப்பெண்ணில்தான் விழும். நடுவில் இருந்த அதிகாரி தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தத் தொடங்கிவிட்டார்.

என் மனைவி ஓடினாள். அணியைச் சுற்றிக்கொண்டு ஓடி, கோட்டின்மேல் போய்த் திரும்பி நின்று, பதினான்கு வருடம் லாரிகளை நிறுத்திய வலது கையைத் தூக்கினாள்.

'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். என் தையலை எனக்குத் தெரியாதா? அக்குளிலிருந்து இடுப்புவரை பிரிந்துவிட்டது.

அடுத்த நொடி, தடக்! அறுபத்து நாலு பூட்ஸும் ஒரே சத்தம். வாசலில் நுழைந்த தண்ணீர் லாரி கிறீச்சிட்டு நின்றது. அதிகாரியின் கோப்பை அந்தரத்தில் நின்றது.

"அப்பா, மூச்சு விடுங்க" என்றாள் மகள்.

நடு அதிகாரி எழுந்து நெட்டையிடம் வந்தார். "ஏம்மா நின்னே?"

"அம்மா நிக்கச் சொன்னாங்க சார்."

"அவங்க குரலே வரலையே?"

"ஆனா சொன்னாங்க சார்."

இன்னொருவர் பேனாவை உருட்டினார். "சத்தத்துக்குன்னு தனி மார்க் இருக்கே, அதுல என்ன போடறது?"

மூன்றாமவர் அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவர். "சத்தம் வந்துச்சே சார். டர்ருன்னு வரலையா?"

மூன்று பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பிறகு நடு அதிகாரி சிரிப்பை நிறுத்தி, நேராக நின்று, அவளுக்கு முதலில் சல்யூட் வைத்தார். தேவைக்கு ஒரே ஒரு மதிப்பெண் அதிகம். தேறிவிட்டாள்!

வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மதிலோரம் வந்தாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தே புரிந்துகொண்டேன்: "என்னங்க, ஊசி நூல் இருக்கா?" நான் அழுதுகொண்டே சிரித்ததில் முக்காலி சாய்ந்து, மகளின்மேல் விழுந்து, இருவரும் வாளியோடு உருண்டோம்.

இப்போது அவள் தோளில் நட்சத்திரம் இருக்கிறது. புதுச் சட்டைகளில் அந்த அரை அங்குலத்தைச் சரியாகக் கூட்டித் தைக்கிறேன். பிரிந்த சட்டை மட்டும் கடைச் சுவரில் தொங்குகிறது. அதைத் தைத்துக் கொடுங்களேன் என்று அவள் எப்போதாவது கேட்பாள். நூல் தீர்ந்துபோச்சு என்பேன். பெரிய போலீஸ் அதிகாரி, தையல் கடையில் நூல் இல்லை என்று சொன்னதை நம்பிவிட்டுப் போகிறாள்.