தங்கத் துகளுக்குக் காத்திருந்தவர்

புற்றுநோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம், வார்த்தையை அளந்து பேசுவதுதான் கஷ்டம். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்மல்

ஏரிக்கு நடுவில் இருக்கும் பசியாவரத்துக்குப் படகில்தான் போவேன். அங்கே ஏகாம்பரம் என்று ஒரு மீனவர். ஐம்பத்திரண்டு வயது. தொண்டையில் சின்னக் கட்டி. ஆறு வாரம் கரண்டு வைத்தால் சரியாகிவிடும் என்று சென்னை டாக்டர் சொல்லி, தேதியும் கொடுத்திருந்தார். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் கரண்டு என்றுதான் பெயர்.

தேதியை நினைவுபடுத்தப் போனால், அவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளை உடம்பில் ஏற்றுவார்களாம். அது கட்டிக்குள் போய் உட்காருமாம். வெளியிலிருந்து ரேடியோ அலையை விட்டால் துகள் சூடேறிக் கட்டி மட்டும் வெந்துபோகுமாம், தோலில் ஒரு தழும்பு இருக்காதாம். கரண்டு வைத்து அண்ணன் கழுத்து கருகிப்போனதைப் பார்த்தவர் அவர். அவர் மனைவி தேசம்மா காதைத் தொட்டுக் காட்டி மெதுவாகக் கேட்டாள்:

"எங் கம்மல பொடி பண்ணிக் குடுத்தா ஆவாதா சிஸ்டர்?"

நோட்டு

டாக்டரிடம் கேட்டேன். வீடியோ பொய்யில்லை, ஆனால் இப்போதைக்கு ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத்தான், மனிதருக்கு எப்போது வரும், வருமா என்றே தெரியாது என்றார். அதை அப்படியே ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆராய்ச்சி முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது, வந்தால் முதலில் உங்களுக்குத்தான்" என்று சொல்லி, அவர் எதிரிலேயே என் நோட்டில் அவர் பெயரை எழுதினேன். சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி செய்த அசட்டுத்தனம். அவர் நிம்மதியாகச் சிரித்தார்.

"எழுதிட்டீங்கல்ல, அது போதும் சிஸ்டர்."

ஊர்க்கட்டு

நடுவில் என்னை வேறு கிராமங்களுக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால், மனிதர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. குரல் கரகரத்துக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் என்று முறை எழுதியிருக்கும். அதற்குப் பாடு என்று பேர். எழுதிவிட்டால் வந்தே தீரும், யாரும் பறிக்க முடியாது. என் நோட்டையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் கரண்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். எனக்குப் புரியாததற்காகப் பரிதாபப்பட்டவர் போல விளக்கினார்:

"ஒரு எடத்துல மொற எழுதிக்கினு வேற எடத்துல வல எறக்குனா, எழுதுன மொற பூடும்னு ஊர்க்கட்டு கீது சிஸ்டர்."

பேனா

எனக்கு வந்த கோபத்தில், நோட்டை எடுத்து அவர் கண் முன்னாலேயே பெயரை அடித்தேன். முறையும் கிடையாது ஒன்றும் கிடையாது, கிளம்புங்கள் என்று கத்தினேன். கோபம் அவர் மேல் இல்லை, என் மேல்தான். மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

"நுரையீரலுக்குப் போயிடுச்சும்மா. ரெண்டு மாசம் எங்க இருந்தீங்க?"

மீதி மாத்திரை

ஏகாம்பரம் ஐந்து மாதம் இருந்தார். கடைசி மாதம் வலிக்கு மார்பின் மாத்திரை மட்டும்தான். காரியம் முடிந்த பிறகு மீதி மாத்திரையைத் திரும்ப வாங்கப் போனேன். அது எங்கள் விதி. தேசம்மா டப்பாவை எடுத்துக் கொடுத்தாள், டீ போட்டாள், திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்:

"நீங்க பேர அடிக்காம இருந்திருந்தா, அவரு மொற வந்திருக்கும்ல சிஸ்டர்?"

ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், நன்றாகத்தான் முன்னேறுகிறது என்று உண்மையைச் சொல்கிறேன், ஆனால் கேட்டவர் முதல் கரண்டு வைத்துக்கொண்டு வந்த பிறகுதான் சொல்கிறேன்.