அவள் கணிப்பு பொய்த்த இடம்

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அதுவரை நான் ஒருவன்தான் உளவியலாளன். அங்கே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தேன். குணமாகி வீட்டுக்குப் போகிற நோயாளிகளில் யார் நன்றாக இருப்பார்கள், யாருக்கு ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அது. வயது, படிப்பு, நோய் எப்படித் தொடங்கியது, பரிசோதனையில் என்ன மதிப்பெண் என்று எல்லாவற்றையும் கோத்து ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கின் மேல் எனக்கு ஒரு பெருமிதம்.

அவள் கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டவர்கள். அவளை என் ஆராய்ச்சியிலும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் தலைமை மருத்துவர்.

"நோயாளி வீட்டுக்குப் போகும்போது ரெண்டு பேரும் தனித்தனியா எங்கிட்ட சொல்லுங்க. வருஷம் கழிச்சுப் பாப்போம், யார் சொன்னது நடந்திருக்குன்னு."

என் கணக்கையெல்லாம் அவள் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். ஆனால் அவள் செய்தது வேறு. நோயாளியைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களோடு வராந்தாவில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் சத்தம் போடுவார்கள், இவர் திரும்பிப் போனால் காலையில் எழுந்து என்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். வேலை நேரத்தில் அரட்டை என்று நினைத்தேன். வருஷம் திரும்பியபோது அந்த அரட்டைதான் ஜெயித்தது. நான் தேறமாட்டாள் என்ற பெண் தேறியிருந்தாள். நான் தேறுவான் என்றவன் திரும்பி வந்து அதே கட்டிலில் படுத்திருந்தான். ரெண்டையும் அவள் சரியாகச் சொல்லியிருந்தாள்.

அதன்பிறகு மருத்துவர் ரவுண்ட்ஸ் போகும்போது என் முகத்தைத் தாண்டி, "நீ என்னம்மா சொல்றே?" என்று அவளைத்தான் கேட்பார். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வீட்டில் மனைவி சோறு போட்டால் அதில் உப்பில்லை என்று சண்டைக்கு நிற்பேன்.

அப்போதுதான் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மிராசுதார் வீட்டு இளைய பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பட்டதாரி. குத்தகைச் சட்டமும் நில உச்சவரம்பும் வந்து, ஊருக்கு ஊர் சிவப்புக் கொடியும் வழக்குமாக இருந்த காலம். இவர்கள் நிலத்திலும் குத்தகைக்காரர்களோடு தகராறு. அந்தப் பதற்றத்திலேயே இருந்தவனுக்கு, குத்தகைக்காரர்கள் வாய்க்காலில் விஷம் கலக்கிறார்கள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவன், மருந்து கொடுத்ததும் சீக்கிரமே தெளிந்துவிட்டான்.

என் கணக்குப்படி அவன் தேறியே ஆகவேண்டும். படிப்பு, வசதி, திடீரென்று வந்த நோய், எல்லாமே அவனுக்குச் சாதகம். அப்படியே சொன்னேன். அறுப்புக்குள் திரும்பி வந்துவிடுவான் என்றாள் அவள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "மிராசு வீட்டுப் பிள்ளைங்கறதால சொல்றீங்களா?"

எங்கள் வீட்டு நிலமும் குத்தகைக்காரர்களோடு அப்படி ஒரு வழக்கில்தான் போயிருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

அவள் கோபப்படவில்லை. "இல்ல சார். அந்த வீட்ல அவர கண்ணாடிச் சாமான் மாதிரி வச்சிருக்காங்க. எல்லாத்தயும் அண்ணனே பாத்துக்கறார். இவர் நாள் பூரா உக்காந்து வயலப் பாத்துகிட்டே இருப்பார். பயம் திரும்பி வராம என்ன செய்யும்?"

அறுப்பு வந்தது, போனது. அவன் வரவில்லை. வருஷம் முடிகிற வரை எனக்குப் பொறுமையில்லை. அவன் நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

அவன் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தான். எதிரே ஏழெட்டுக் குத்தகைக்காரர்கள். "தம்பி, கரண்டு வந்ததும் மொதல்ல எங்க கொல்லைக்கு விட்ருங்க, நாத்து காயுது" என்றார் ஒருவர். "நேத்துதானே உங்களுக்கு விட்டேன், இன்னிக்கு மேலக்கரைக்கு" என்றான் அவன். அவர்களில் ஒருவர் நீட்டிய சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தான்.

நான் ஜெயித்துவிட்டேன். அண்ணனிடம் போய், தம்பி பிரமாதமாக இருக்கிறார் என்றேன்.

"எல்லாம் உங்க ஆஸ்பத்திரி அம்மா செஞ்சதுங்க" என்றார் அவர். "ரெண்டு தடவ வந்தாங்க. தம்பிக்கு ஒரு பொறுப்பு குடுங்கன்னாங்க. எனக்கு மனசே இல்ல. அப்புறம் அவங்களே தெருவுக்குப் போயி குத்தகைக்காரங்ககிட்டப் பேசினாங்க. இனிமே தண்ணிக்கு அண்ணங்கிட்டப் போகாதீங்க, தம்பியக் கேளுங்கன்னுட்டாங்க. மொத ஒரு மாசம் அவன் கதவத் தொறக்கல. குத்தகைக்காரங்களும் விடாம தெனம் வந்து நின்னாங்க."

அவளுடைய அப்பா அம்மா காலத்தில் அவர்களை வாசற்படிகூட ஏறவிட்டிருக்காத வீடு அது. அவள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாள்.

திரும்பும் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தலைமை மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டு, "நீ தலையிட்டதால இந்தக் கேஸையே கணக்குல சேக்க வேண்டாம்" என்றார்.

"சேத்துக்குங்க சார். வருவார்னு சொன்னேன், வரல. தப்புதானே? தப்புன்னே போடுங்க."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "எதுக்கு சார்?" என்றாள்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். கணிப்பில் என்னை அவள் முந்தியபோது எரிந்தது ஒரு மாதிரி. இது வேறு மாதிரி. அவன் தேறவேண்டும் என்று நானும்தான் நினைத்திருந்தேன், நான் சொன்னது பலிக்க வேண்டும் என்பதற்காக. தன் வாக்கு பொய்யாகட்டும் என்று அவள் பஸ் ஏறிப் போயிருக்கிறாள். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்பதுதான் தாங்கவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது என் கணக்கே ஒரு மயிரிழை முன்னால் நின்றது. அவள் தவறவிட்டவை பெரும்பாலும், திரும்பி வருவார்கள் என்று சொல்லி வராமலே போனவர்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அவள் போயிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. சென்னையில் ஒரு கூட்டத்தில் அந்தக் கட்டுரையை நான்தான் வாசித்தேன். அவளால் வரமுடியவில்லை. மன்னார்குடிப் பக்கம் யாரையோ பார்க்கப் போயிருந்தாள். நன்றாகவே கைதட்டினார்கள்.

பல வருஷம் கழித்துத் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் அந்த மிராசு வீட்டுக்காரனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, கூடவே கல்லூரிக்குப் போகிற மகள். என்னை அடையாளம் கண்டுகொண்டு வணக்கம் சொன்னான். நலம் விசாரிப்பான் என்று நின்றேன்.

"அந்த அம்மா இப்ப எங்க சார் இருக்காங்க?" என்றான்.

சொன்னேன். மகளிடம் பேனா வாங்கி, உள்ளங்கையில் ஊர்ப் பேரை எழுதிக்கொண்டான்.