சித்தியும் குழாயும் வந்த மாதம்

வெந்தும் வேகாத துவரம்பருப்பு பல்லிடையே நறுக்கென்று உடையும் சத்தம்தான் எனக்கு எங்கள் வீட்டின் சத்தம். அதைத் தொடர்ந்து சித்தப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார். அத்தை அடுக்களையைப் பார்த்து, "கல்லு துன்றது இன்னும் எவ்ளோ நாளுக்குடி?" என்பாள்.

ஆம்பூரை அடுத்த எங்கள் ஊரில் அதுவரை பாலாற்று மணலில் "ஊத்து" தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டுதான் குடம் நிரப்புவோம். அந்தத் தண்ணீரில் பருப்பு மலரும், சவுக்காரம் நுரைக்கும், தலைமுடி சிக்கில்லாமல் பிரியும். பிறகு தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரு கிணறு வெட்டி, அங்கிருந்து எங்கள் தெருமுனைக்கு இரும்புக் குழாய் போட்டார்கள். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். திறந்து மூடிப் பார்க்கவே பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள்.

அதே மாதத்தில்தான் விரிஞ்சிபுரத்திலிருந்து பாக்கியம் சித்தி சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு மருமகளாக வந்தாள். என் அம்மா இறந்தபின் அடுப்பைப் பார்த்துவந்தவள் அப்பாவின் விதவைத் தமக்கையான அத்தை. அவள் கரண்டியைச் சித்தியிடம் கொடுத்தாள். பருப்பு வேகாமல் போனபோது யாரும் குழாயைச் சந்தேகிக்கவில்லை.

சித்தி செய்யாதது இல்லை: முதல் நாளே ஊறவைத்தாள், பானையை மாற்றினாள், வேறு கடைப் பருப்பு வாங்கினாள், இரண்டு மடங்கு விறகு எரித்தாள். கடைசியில், "ஆத்துத் தண்ணி மொண்டாரட்டுமா அண்ணி?" என்று கேட்டாள்.

"வாசல்ல கொழா இருக்கசொல்ல, ஆத்துல உனக்கு இன்னா வேல? தெருவே இத்த தான் குடிக்குது. உனக்கு மட்டும் வேகலியா?"

மற்ற வீடுகளிலும் வேகவில்லை. அங்கெல்லாம் பெண்கள் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டு, மாமியார் பார்க்காமல் கிண்டிவிட்டார்கள். புதிதாக வந்தவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மாதனூர்ச் சொந்தங்கள் கிருத்திகை விருந்துக்கு வருவதாக இருந்தது. "அன்னிக்கும் வேகலன்னா, அவங்களோடவே வண்டி ஏறி உங்க ஊருக்கே போயிடு" என்றாள் அத்தை. விருந்தன்று காலை சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய், ஷாப்புக்கு ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோகும் காதர் பாயின் பீப்பாய் வண்டியை நிறுத்தினாள்.

"ஒரு கொடம் குடு பாய்."

"இது தோலுக்கும்மா. கொழா தண்ணி ஊத்துனா தோல ஊறப் போடுற பட்டைச் சாறு கெட்டுப் பூடும், தோல் கருத்துடும், மொதலாளி பேஜார் பண்ணுவாரு. மனுசங்களுக்குத் தான் கொழா கீதே" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே குடத்தை நிரப்பினார்.

அன்று பருப்பு வெண்ணெயாய்க் குழைந்தது. சித்தி என்னைப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் கடைசியாகக் கண்டேன். விருந்தாளிகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அத்தை ஒரு பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"அப்போ இத்தினி நாளா வேணும்னே தான் பண்ணியிருக்கே."

"இல்ல அண்ணி, இது வண்டித் தண்ணி."

"வண்டிக்காரன் கிட்ட உனக்கு இன்னா பேச்சு?"

சித்தப்பா கை கழுவிக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. பொழுது சாய்வதற்குள் சித்தி தன் பெட்டியோடு மாதனூர் வண்டியில் ஏறினாள். அடுத்த தையில் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அவளுடைய முந்தானை முடிச்சில் சோடா இருந்தது. அவளுக்குக் கைராசி என்றார்கள்.

இன்று நான் வேலூரில் ஒரு மருத்துவமனையின் சோதனைச் சாலையில் வேலை செய்கிறேன். தண்ணீரில் சவுக்காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிற்கிறதா என்று பார்த்து, அது கடினநீரா என்று சொல்வது என் வேலைகளில் ஒன்று. எங்கள் ஊரில் இப்போது யாரும் ஊற்றுத் தோண்டுவதில்லை; ஆற்றுக்குப் போகும் தடத்தை முள் மூடிவிட்டது. பாக்கியம் என்ற பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

சென்ற மாதம் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஒன்றிலும் ஆற்றுத் தண்ணீர் ஒன்றிலுமாக இரண்டு புட்டிகளோடு விரிஞ்சிபுரம் போனேன். சித்தி அண்ணன் வீட்டில் இருக்கிறாள், முன்தலை நரைத்திருந்தது. குழாய்த் தண்ணீரில் சவுக்காரக் கரைசலை விட்டுக் குலுக்கிக் காட்டினேன். பால் திரிந்தாற்போல் ஆயிற்று. ஆற்றுத் தண்ணீரிலும் அதே அளவு விட்டுக் குலுக்கினேன். நுரை கழுத்துவரை எழுந்து நின்றது. "உன் கை இல்ல சித்தி, தண்ணி" என்றேன்.

நுரை அடங்கும்வரை அவள் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் உலையை ஏற்றி, கொதி வந்ததும் பருப்பு முறத்தை என் பக்கம் நீட்டினாள்.

"நீ போடு கண்ணு. இந்த வீட்டுல பருப்ப நான் தொடறதில்ல."