துவைகல்லுக்குத் திரும்பமாட்டேன்

எங்கள் வீட்டு வாஷிங் மிஷின் தண்ணீரை வெளியே விடாமல் நின்றபோது எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. இரும்பும் பிளாஸ்டிக்கும்தானே, அதற்கு என்ன தெரியும். கோபமெல்லாம் அதைச் சுற்றி நின்று தீர்ப்புச் சொன்னவர்கள்மேல்தான். அது இன்றும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் மெனக்கெடவும் இல்லை.

மலையாள மண்ணின் எடவப்பாதி மழை, ஜூன் மாதத்து மழை, கொட்டிக்கொண்டிருந்த சமயம். வலியசாலையில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கொடியிலும் துணி காயவில்லை. காலையில் வழக்கம்போல் மிஷினில் துணியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாதி உயரத்துக்கு அழுக்குத் தண்ணீர் நிற்கிறது. அதில் என் ஆபீஸ் சுடிதாரும் தலையணை உறைகளும் ஊறிக்கொண்டிருந்தன. கதவைத் திறக்க முடியவில்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். “கேடாயிடுத்தா? ஆகும்னு நேக்குத் தெரியும். தோய்க்கிற கல்லு கேடாச்சுன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியோ?”

என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார். “நீ துணியைத் திணிக்கறே. அதாக்கும் காரணம்.”

அந்த மிஷின் எனக்கு ஆடம்பரம் இல்லை. என் வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்திப்போய், துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, என் சம்பளத்தில் நானே வாங்கியது. பேனா பிடிக்க அந்தக் கை வேண்டும். ஆபீஸ் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவும் அதுதான் வேண்டும். மாமியார் ஒரே நிபந்தனையோடு மிஷினை உள்ளே விட்டார். ஆசாரத்துக்கான மடித் துணி அதில் படக்கூடாது. பூஜைக்கும் சமையலுக்கும் அவர் உடுத்தும் ஒன்பது கஜப் புடவையைக் குளித்த கையோடு கல்லில் தோய்த்து, யார் மேலும் படாமல் கோலால் தூக்கி உயரக் கொடியில் உலர்த்த வேண்டும். அவருக்கு முழங்கால் வலி. ஆகவே வீங்கிய கையோடு நான்தான் அதைத் தோய்த்தேன். நனைந்த ஒன்பது கஜத்தின் கனம் தோய்த்தவளுக்குத்தான் தெரியும்.

மாமனார் காலமான பிறகு அமாவாசைதோறும் என் கணவர் வீட்டிலேயே தர்ப்பணம் செய்கிறார். அதற்கு உடுத்தும் மடி வேஷ்டியையும் முன்பு நான்தான் தோய்த்தேன். கை மோசமானதும், “இனிமே என் வேஷ்டியை நானே தோய்ச்சுக்கறேன்” என்று அறிவித்தார். அவ்வளவுதான், தெருவே மெச்சியது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமியார் இதைச் சொன்னார். கோயிலில் பார்த்த ஒரு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொடுத்து வெச்சவடி நீ” என்றாள். பிடித்தது அந்த வலிக்கிற கையை. மாதம் ஒரு வேஷ்டிக்கு இத்தனை புகழ் என்றால், இத்தனை வருஷமாக மூட்டை மூட்டையாகத் தோய்த்த எனக்குச் சிலையல்லவா வைத்திருக்க வேண்டும்.

கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண்குரல் மலையாளத்தில் மிக இனிமையாக என்னைக் காக்க வைத்தது. ஆள் நாளை வருவார் என்றார்கள். நாளையும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. ஆள் வரவில்லை. ஊறிய துணி நாற ஆரம்பித்தது. நான் மறுபடியும் கொல்லையில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு கல்லடியில் நின்றேன். அந்த வார இறுதிக்குள் விரல்கள் மடங்க மறுத்தன. சாம்பார்க் கரண்டி கையிலிருந்து நழுவியது.

சனிக்கிழமை சாப்பிடும்போது மாமியார் தீர்ப்பை வாசித்தார். “அதைப் பழைய சாமான் எடுக்கற ஆக்ரிக்காரனுக்குப் போட்டுடலாம். இடமாவது மிஞ்சும். நாங்கள்ளாம் கல்லுலே தோய்க்கலையா?”

என் கணவர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “அம்மா சொல்றது சரிதான். நான் என் வேஷ்டியைத் தோய்ச்சுக்கலையா? மனசு வெச்சா முடியும்” என்றார்.

மனசு வைத்தால். என் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை, அதை எடுத்துக் கழுவவும் நான்தானே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நானே தரையில் உட்கார்ந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். பின்பக்கக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், மடங்கவில்லை. கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி. அதற்குள்தான் வடிகட்டி, அதன் பின்னால்தான் தண்ணீரைத் தள்ளும் பம்ப். பக்கத்தில் ஒரு சிறு குழாய். அதைத் திறந்தால் தண்ணீர் வரும், ஆனால் அது தரையோடு தரையாக இருந்தது. வாளி அடியில் நுழையவில்லை. அடுக்களையிலிருந்து பெரிய தாம்பாளத்தை எடுத்துவந்தேன்.

“வெற்றிலை பாக்கு வெக்கற தாம்பாளம்டி அது” என்றார் மாமியார்.

“இன்னிக்கு இதுக்கு வெக்கறேன்.”

“நீ கையை வெச்சா வாரண்டி போயிடும்” என்றார் இவர், வாசல்படியில் சாய்ந்துகொண்டு.

தாம்பாளம் நிறைய நிறையக் குளியலறையில் கொட்டிவிட்டு வந்தேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை. கடைசித் தண்ணீரில் கறுப்பாக ஏதோ வந்தது. பூச்சி என்று நினைத்தேன். விரலால் எடுத்துப் பார்த்தால் எள். ஒன்றிரண்டு இல்லை, ஊறி உப்பிய எள் ஒரு கைப்பிடி இருக்கும். மிஷினுக்குள் எள்ளுக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே இடது கையால் வடிகட்டியைத் திருகினேன். அசையவில்லை. ஒரு துண்டைச் சுற்றி, என் ஆத்திரம் முழுவதையும் அதில் வைத்துத் திருகினேன். கழன்றது.

பம்பின் சின்னச் சக்கரத்தில் ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தேன். புல். முடிச்சுப் போட்ட புல். தர்ப்பணத்தின்போது மோதிர விரலில் போடும் பவித்ரம். அதற்கு அடியில் இன்னொன்று, பாதி மக்கிப்போய்.

இரண்டையும் தாம்பாளத்தில் வைத்து நடுக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

“பவித்ரம்னா இது! மிஷினுக்குள்ளே எப்படிப் போச்சு?” என்றார் மாமியார்.

இவர் சுவரைப் பார்த்தார். “இடுப்பிலே சொருகியிருந்தேன் போலிருக்கு.”

“இடுப்பிலே சொருகினது வேஷ்டியோட போகும். வேஷ்டி கல்லுக்குன்னா போச்சு?” என்றேன்.

“மழைலே கொல்லைலே நிக்க முடியலை. ஒரு நாள்தான் போட்டேன்.”

“இங்கே பவித்ரம் ரெண்டு இருக்கு. எள்ளைப் பார்த்தா அதுக்கும் மேலேன்னு தோணறது.”

எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. அமாவாசையன்று நான் பஸ் பிடிக்கக் கிழக்கேகோட்டைக்கு ஓடியதும், இவர் வேஷ்டியை மிஷினில் போட்டு எடுத்து, கோலால் பக்தியோடு கொடியில் ஏற்றியிருக்கிறார். மிஷின் ஓடும் சத்தம் நான் போட்டுவிட்டுப் போன துணியுடையது என்று மாமியார் நினைத்திருப்பார். அந்த வேஷ்டியை வைத்துக்கொண்டுதான் எனக்கு மனசு வைக்கக் கற்றுக்கொடுத்தார்.

நான் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கை வீங்கிக் கிடந்தபோதுகூட மடியில் இம்மி தளர்த்தாதவர். இப்போது கேட்பார், மகனை நிற்கவைத்துக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

“பாவம், ஆபீஸுக்கு ஓடறவன். மழைலே நின்னு ஜுரம் கிரம் வந்தா யாரு பாக்கறது? மிஷின் பின்னே எதுக்கு இருக்கு?” என்றார். பிறகு என்னிடம், “அந்த முடிச்சை அவிழ்த்துப் போடு. அப்படியே வெச்சுக்கப்படாது.”

மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை உடைத்தாலும் மண்குடம்தான். நானும் ஆபீஸுக்கு ஓடுகிறவள்தான் என்பது அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தேன். வடிகட்டியைக் கழுவித் திரும்ப மாட்டினேன். பிளக்கைச் செருகி, புதிதாகத் தண்ணீர் விட்டு மிஷினை ஓட்டிப் பார்த்தேன். விட்ட தண்ணீர் கடகடவென்று வெளியேறியது. நாறிய துணிகளை எடுத்துத் தனியாகப் போட்டேன். பிறகு குளியலறை மூலைக்குப் போனேன். அங்கே வாளியில் மாமியாரின் ஒன்பது கஜம் எனக்காகக் காத்திருந்தது. தூக்கிவந்து மிஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன்.

“அது என் மடிப் புடவை” என்றார் மாமியார்.

“தெரியும்மா.” பொத்தானை அழுத்தினேன். “நின்னதும் கோலால எடுத்துக் கொடியிலே போட உங்க பிள்ளை இருக்கார். அவருக்கு நல்ல பழக்கம்.”